யார் யாரைத் திருத்துவது?



ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளும் ஒரே குணமாக இருப்பதில்லை. ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கின்றன என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். வீட்டில் ஒருவர் காசை எண்ணி எண்ணிச் செலவு செய்வார். இன்னொருவர் கையில் வந்ததை அன்றே தீர்த்துவிடுவார். ஒருவருக்கு ஊரெல்லாம் உறவு. மற்றவர் வாசல்படி தாண்டிப் பேசமாட்டார். இப்படி வேறுபட்ட குணங்கள் ஒரே கூரையின் கீழ் சேரும்போது என்ன நடக்கிறது? சண்டைதான் நடக்கவேண்டுமா, அல்லது ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்யவும் திருத்தவும் வழி உண்டா? இதைத்தான் இன்றைய பேச்சில் நாம் பார்க்கப் போகிறோம்.

மனித குணங்களை வகைப்படுத்திப் பார்க்கும் முயற்சி மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்கவேண்டிய ஒப்புமைகள் பத்து என்று கணக்கிடுகிறது. குடிப்பிறப்பும் வயதும் அழகும் அதில் இடம்பெறுகின்றன. அவற்றோடு நிறை, அருள், உணர்வு ஆகிய மனப்பண்புகளும் இடம்பெறுகின்றன. இருவர் சேர்ந்து வாழ வெளிப்பொருத்தம் மட்டும் போதாது, உள்ளப் பொருத்தமும் வேண்டும் என்பதை நம் முன்னோர் அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

நம் காலத்துக்கு அருகில் வந்தால், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-ஆம் ஆண்டில் உளவியல் வகைகள் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மனத்துக்கு நான்கு ஆற்றல்கள் உண்டு என்றார் அவர். சிந்தித்துப் பார்ப்பது ஒன்று. நல்லது, கெட்டது, வேண்டியது, வேண்டாதது என்று உணர்ந்து மதிப்பிடுவது இரண்டாவது. கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் கொண்டு அறிவது மூன்றாவது. இன்னும் வெளிப்படாததை உள்ளுணர்வால் முன்கூட்டியே உணர்வது நான்காவது. இந்த நான்கும் எல்லாரிடமும் இருக்கின்றன. ஆனால் ஒருவரிடம் ஒன்று ஓங்கி நிற்கும். வேறொன்று பின்தங்கிக் கிடக்கும். ஓங்கி நிற்பது வலக்கை போல. பின்தங்கியது இடக்கை போல. இடக்கையால் எழுதச் சொன்னால் எழுத்து கோணல் மாணலாகத்தானே வரும்?

அன்று சோவியத் ஒன்றியத்தில் அடங்கியிருந்த லித்துவேனியா நாட்டில், 1970-களில், அவுஷ்ரா அவுகுஸ்தினாவிச்சூட்டே என்ற அம்மையார் இந்தக் கருத்தை எடுத்து மேலும் வளர்த்தார். அவர் பொருளாதாரம் படித்தவர். யுங்கின் வகைகளோடு, போலந்து நாட்டு மனநல மருத்துவர் அந்தோனி கெம்பின்ஸ்கியின் கருத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார். வயிறு உணவைச் செரிப்பது போல மனம் செய்திகளைச் செரிக்கிறது என்பது கெம்பின்ஸ்கியின் கருத்து. இந்த இரண்டையும் கலந்து, மனிதரில் பதினாறு வகை உண்டு என்று அம்மையார் வகுத்தார். இந்தத் துறைக்குச் சோசியோனிக்ஸ் என்று பெயர். குணவகை உறவியல் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

குணங்களை வகைப்படுத்துவதோடு அவர் நின்றுவிடவில்லை. ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் இடையில் என்ன உறவு ஏற்படும் என்பதே அவருடைய முக்கியமான கேள்வி. தனித்தனியே பார்த்தால் இருவரும் நல்லவர்கள். ஆனால் ஒன்றாக இருந்தால் ஒத்துப்போவதில்லை. இன்னும் இருவர் தனித்தனியே சாதாரணமானவர்கள்; சேர்ந்தால் மலையைப் புரட்டுகிறார்கள். இது ஏன்?

அவர் சொன்ன உறவுகளில் மூன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலாவது இரட்டை உறவு. ஒருவருடைய வலக்கை எதுவோ, அதுவே மற்றவருடைய தேவையாக இருக்கும். ஒருவர் வருங்காலத்தையே எண்ணிக் கொண்டிருப்பார். சோறு ஆறுவது தெரியாது. மற்றவர் இன்றைய வேலையை இன்றைக்கே முடிப்பவர். ஆனால் அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்ற எண்ணம் அவருக்கு வராது. இவர்கள் சேர்ந்தால் சொல்லாமலே ஒருவர் குறையை மற்றவர் ஈடுசெய்வார்கள்.

இரண்டாவது கண்ணாடி உறவு. இருவரிடமும் ஒரே இரண்டு திறமைகள் இருக்கும். ஆனால் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். கோயில் திருவிழா நடத்தும் செயற்குழுவில் இப்படிப்பட்ட இருவரைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் புதுத் திட்டமாக அள்ளி வீசிவிட்டு, பிறகு அதை ஒழுங்குபடுத்துவார். மற்றவர் எல்லாவற்றையும் ஒழுங்காக வரிசைப்படுத்திக்கொண்டு, பிறகுதான் புதியதைத் தேடுவார். பேசத் தொடங்கினால் இருவருக்கும் விவாதம் ஓயாது. ஆனாலும் ஒருவர் வேலையில் விட்ட பிழை மற்றவர் கண்ணில் பட்டுவிடும். கண்ணாடி நம் முகத்தைத்தான் காட்டுகிறது, ஆனால் இடம் வலம் மாற்றிக் காட்டுகிறது அல்லவா?

மூன்றாவதுதான் நாம் இன்று ஆழமாகப் பார்க்கவேண்டியது. அதை மேற்பார்வை உறவு என்பார்கள். ஒருவருடைய வலுவான இடம், மற்றவருடைய மிகப் பலவீனமான இடத்தின் மேல் நேராகப் போய்ப் படும். அவர் சாதாரணமாகச் சொல்லும் சொல்கூட இவருக்குச் சுருக்கென்று தைக்கும். திருத்தத்தில் நியாயம் இருக்கும், வலியும் இருக்கும்.

மேற்பார்வை என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? தோட்டத்துப் பெரட்டு நினைவுக்கு வருகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் துரை கிராணியை அதட்டினார். கிராணி கங்காணியை அதட்டினார். கங்காணி தொழிலாளியை அதட்டினார். நாள் முழுக்க அதட்டு வாங்கியவர் வீட்டுக்கு வந்து மனைவியை அதட்டினார். மனைவியின் கோபம் பிள்ளையின் முதுகில் இறங்கியது. திருத்தம் என்பது ஏணியில் மேலிருந்து கீழே இறங்குவது என்றே நாம் பழகிவிட்டோம்.

ஆனால் லித்துவேனிய அம்மையாரின் கணக்கில் மேற்பார்வை ஏணியாக நிற்கவில்லை, வளையமாகச் சுற்றுகிறது. முதல்வர் இரண்டாமவரைத் திருத்துகிறார். இரண்டாமவர் மூன்றாமவரை, மூன்றாமவர் நான்காமவரை, அந்த நான்காமவர் திரும்ப வந்து முதல்வரைத் திருத்துகிறார். பதினாறு வகைக்கும் நான்கு நான்கு பேராக நான்கு வளையங்கள். அந்த வளையத்தில் உச்சியில் நிற்பவர் எவரும் இல்லை. அடியில் கிடப்பவரும் இல்லை.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தோட்டம் கைமாறிவிட்டது. வேலை முடிகிறது, லயத்து வீட்டையும் காலி செய்யவேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது. இப்படிப்பட்ட கடிதம் நம் வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு அந்நியமானது அல்ல.

அப்பா ஒழுங்கு தவறாதவர். முப்பது ஆண்டுச் சம்பளச் சீட்டும் சேமநிதிக் கடிதமும் தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஆனால் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கையை அவரால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. மூத்த மகன் செம்பனைக் குலை வெட்டுகிறவன். துணிந்தவன், வேகமானவன். ஆனால் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லை. அம்மா எல்லாருடைய மனத்தையும் அறிந்தவர். ஆனால் யாருக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது. இளைய மகள் ஐந்தாம் படிவம் முடித்தவள். எந்தக் கதவு அடைத்தாலும் இன்னொரு வழியைக் காண்பவள். ஆனால் பேச்சு யாரைச் சுடுகிறது என்று பார்க்கமாட்டாள்.

இப்போது பாருங்கள். வெளியே என்ன வழி உண்டு என்று அப்பாவுக்குக் காட்டக்கூடியவள் இளைய மகள்தான். மலிவு விலை வீட்டுக்கு மனுச் செய்யலாம், பக்கத்து நகரில் வேலை பார்க்கலாம் என்று அவள்தான் சொல்கிறாள்.

மகனோ, கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவோம் என்கிறான். அவனைத் தடுத்து நிறுத்துபவர் அப்பா. 1980-ஆம் ஆண்டு வந்த வேலை நிறுத்த இழப்பீட்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்த தகுதியுள்ள தொழிலாளிக்கு, ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் குறைந்தது 20 நாள் சம்பளம் சேரவேண்டும். எத்தனை ஆண்டுச் சேவை என்று காட்டுவது எது? தகரப் பெட்டியில் இருக்கும் அந்தச் சீட்டுகள்தான். படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று அப்பா சொல்லும்போது மகனுக்கு எரிச்சல் வரும். ஆனால் சொல்லவேண்டியவர் அவரே.

பணம் கைக்கு வந்ததும் கடன் கேட்டுப் பலர் வருவார்கள். அம்மாவால் மறுக்க முடியாது. அங்கே மகன் நின்று, "அம்மா, இது வீட்டுக்கு முன்பணம். இதைத் தொடக்கூடாது" என்று சொல்லவேண்டும்.

மகளை யார் திருத்துவது? அண்டை வீட்டார் முன்னிலையில் அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு உலகமே தெரியாது" என்று அவள் சொல்லிவிடுகிறாள். சொன்ன செய்தி சரி. சொன்ன விதம் தவறு. அதோடு அப்பாவின் காது அடைத்துக்கொண்டது. அப்போது அம்மா அவளைத் தனியே அழைத்து, "நீ சொல்வது நியாயந்தான். ஆனால் அவர் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது, யாரும் இல்லாதபோது சொல்லு" என்கிறார். மகள் அப்படியே செய்கிறாள். அப்பா காது கொடுத்துக் கேட்கிறார்.

வளையம் எப்படிச் சுற்றி வந்தது பார்த்தீர்களா? அம்மா மகளைத் திருத்தியதால்தான் மகளால் அப்பாவைத் திருத்த முடிந்தது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்ற மூன்றும் நின்றுவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். அப்பா மகனைத் திருத்துவதையும் அம்மா மகளைத் திருத்துவதையும் நம் வழக்கம் ஒப்புக்கொள்கிறது. மகன் தாய்க்குச் சொல்வதும், கடைசிப் பெண் தகப்பனுக்குச் சொல்வதும் நமக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றுகின்றன. பாதித் திருத்தத்தை நாமே அடைத்து வைத்திருக்கிறோம் என்றுதானே பொருள்?

பெரியவர்களுக்குச் சிறியவர்கள் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். தவறைக் கண்டித்துச் சொல்ல ஆள் வைத்துக்கொள்ளாத மன்னன் அழிவதற்குப் பகைவனே தேவையில்லை என்பது வள்ளுவர் கருத்து. மன்னனுக்கே மற்றவர் சொல்லலாம் என்றால் குடும்பத் தலைவருக்குச் சொல்லக்கூடாதா?

இந்தச் சிலாங்கூர் மண்ணிலேயே ஏணியின் அடியில் நின்றவர்கள் மேலே நின்றவர்களைத் திருத்த முனைந்த வரலாறு உண்டு. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்ற வட்டாரங்களுக்கும் பரவியது. சம்பள உயர்வு மட்டும் அவர்கள் கேட்கவில்லை. துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையை எண்ணிப் பாருங்கள். மேலே இருப்பவரைத் திருத்தச் சொன்ன அதே மூச்சில், தங்களையும் திருத்திக்கொள்ள அவர்கள் வழி கேட்டார்கள். அந்தப் போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆனால் அவர்கள் கேட்டது நியாயம் என்பதை இன்று யார் மறுப்பார்?

மேலிருந்து ஒருவர் அதட்டாவிட்டால் ஒழுங்கு வருமா என்ற ஐயம் சிலருக்கு இருக்கும். அதற்கு விடையை நம் கோலசிலாங்கூர் ஆற்றங்கரையிலேயே காணலாம். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மின்னும் அந்தப் பூச்சிகளுக்குத் தாளம் போடும் தலைமைப் பூச்சி எது? அப்படி ஒன்று இல்லை. 1960-களில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற அமெரிக்க விஞ்ஞானத் தம்பதிகள் தாய்லாந்தில் இத்தகைய மின்மினிகளை ஆராய்ந்தார்கள். பிடித்து வந்த மின்மினிகளை இருட்டறையில் விட்டபோது, அவை பக்கத்தில் உள்ளவற்றோடு சிறிது சிறிதாக இணைந்து ஒன்றாக மின்னத் தொடங்கின. ஒவ்வொரு மின்மினியும் அண்டை மின்மினியின் ஒளியைப் பார்த்துத் தன் நேரத்தைச் சற்றே முன்னோ பின்னோ மாற்றிக்கொள்கிறது. தானும் திருந்துகிறது, தன் ஒளியால் மற்றதையும் திருத்துகிறது.

இந்த ஆராய்ச்சிகளில் இன்னொரு செய்தியும் தெரியவந்தது. மின்மினியின் இயல்பான தாளத்துக்கு மிகவும் விலகிய வேகத்தில் ஒரு விளக்கை மின்னவிட்டால், அதைப் பின்பற்ற மின்மினியால் முடிவதில்லை. அதன் இயல்புக்கு எட்டிய அளவுதான் அது மாறும். மனிதரும் அப்படியே. பேசத் தயங்கும் பிள்ளையை ஒரே நாளில் மேடைப் பேச்சாளராக்க முயன்றால், இருக்கிற பேச்சும் போய்விடும்.

நேயர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சோசியோனிக்ஸ் ரஷ்யா, உக்ரேன் முதலிய நாடுகளில் பலரைக் கவர்ந்த கொள்கை. ஆனால் அது நிரூபிக்கப்பட்ட அறிவியல் அல்ல. உலகப் பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகள் பொதுவாக அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றைய உளவியலார் மனிதரைப் பதினாறு பெட்டிகளில் அடைப்பதில்லை. ஒவ்வொரு குணமும் ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது, கூடவா குறையவா என்றுதான் அளக்கிறார்கள். பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். யுங்கே 1934-இல், தம் நூலின் அர்ஜென்டினப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், பார்த்தவுடன் ஆட்களுக்கு முத்திரை குத்துவது சிறுபிள்ளை விளையாட்டு என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார்.

நமக்கு இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. பிறப்பைக் கொண்டு மனிதரைப் பிரித்த துன்பத்தை நாம் நன்றாக அறிவோம். குணத்தைக் கொண்டு இன்னொரு சாதியை உண்டாக்கிவிடக் கூடாது. "இவன் மந்தம்", "இவள் வாயாடி", "அவன் எதற்கும் உதவமாட்டான்" என்று பிள்ளையின் நெற்றியில் எழுதிவிட்டால், அந்தப் பிள்ளை அதை நம்பிவிடுகிறது. பிறகு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேறு விதமாகச் சொன்னாலும் அது காதில் ஏறுவதில்லை.

அப்படியானால் இந்தக் கொள்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது எது? என் கண்ணுக்குப் படாதது இன்னொருவர் கண்ணுக்குப் படுகிறது. அவர் என்னைவிடச் சிறியவராகவும் இருக்கலாம். இந்த ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். இதற்குப் பதினாறு வகையும் தெரியவேண்டியதில்லை.

செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன். திருத்தும்போது செயலைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். "வாளியைக் கழுவாமல் வைத்துவிட்டாய்" என்பது திருத்தம். "நீ எப்போதும் இப்படித்தான்" என்பது வசை. ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் சொல்லுங்கள். பிறர் முன்னிலையில் சொல்லாதீர்கள். உங்கள் சொல் ஒருவரை அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று தெரிந்தால், அது அவருடைய பலவீனமான இடம் என்று உணர்ந்து, குரலைத் தாழ்த்துங்கள். உங்களுக்கு ஒருவர் சொல் சுருக்கென்று தைத்தால், உடனே பதில் சொல்லாமல் ஓர் இரவு பொறுத்திருந்து பாருங்கள். எங்கே மிகவும் வலிக்கிறதோ, அங்கேதான் உங்களுக்குத் துணை தேவைப்படலாம். ஆனால் அடியையும் அவமானத்தையும் திருத்தம் என்று யாரும் ஏற்கவேண்டியதில்லை. அது வேறு, அதைத் தடுக்கவே வேண்டும்.

தோட்டங்களில் இருப்பவர்களாயினும், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தையிலோ, ஈஜோக்கிலோ, புக்கிட் ரோத்தானிலோ, சபாக் பெர்ணத்திலோ குடியேறிவிட்டவர்களாயினும், பழைய ஏணியை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு சாப்பிட உட்காரும்போது, வீட்டில் மிகவும் இளையவரைப் பார்த்து, "நான் கவனிக்காமல் விட்டது ஏதாவது உனக்குத் தெரிகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பிள்ளை பதில் சொல்லாமல் சிரிக்கும். மறுவாரமும் கேளுங்கள்.